மல்லாத்தும் தசை

மேலே படிக்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்துபாருங்கள். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக் கையை முன்னால் மடக்குங்கள். இடது கையால் வலது புஜத்தின் முன்பக்கச் சதையை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது உள்ளங்கையைத் தரை பார்க்கக் கவிழ்த்து, துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகுவதுபோல அழுத்தம் கொடுத்து மல்லாத்துங்கள். முழங்கை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. ஆனாலும் பிடித்திருந்த சதை இடது கைக்குள் உருண்டு எழும்பியிருக்கும்.

எழும்பிய அதுதான் பைசெப்ஸ். தமிழில் இருதலைத் தசை. தெருவில் பையன்களிடம் "ஆர்ம்ஸ் காட்டு" என்றால் கையை மடக்கித்தான் காட்டுவார்கள். அதனால் கையை மடக்குவதே அதன் வேலை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மடக்குவதில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் அது பங்காளிகளோடு சேர்ந்து செய்யும் வேலை. மடங்கிய கையைப் பலமாக மல்லாத்துவதுதான் அதன் சொந்த வேலை. இந்த வேறுபாடு தெரியாததால் வேலை செய்கிறவர்களின் கைகள் கெடுவதையும், கெட்ட பிறகு சரியான நேரத்தில் வைத்தியம் கிடைக்காமல் போவதையும் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்த ஒரு தசைக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

கொச்சியின் மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் இன்னும் கையால் நடக்கும் வேலைகள் பல உண்டு. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை ஏறுகிறது, இறங்குகிறது. கடல்முகத்தில் சீனவலையை ஆட்கள் கயிறு பிடித்துத் தூக்குகிறார்கள். தமிழர்களுக்கு நெருக்கமான இடம் ஒன்றும் இருக்கிறது. அது வெளி என்னும் பகுதியில் உள்ள தோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. அவர்களுடைய வழிவந்தவர்கள் வண்ணார் சங்கமாகச் சேர்ந்து இன்றும் துணி வெளுக்கிறார்கள், இன்றும் தமிழ் பேசுகிறார்கள். இப்போதுள்ள துவைக்கும் அறைகள் 1976-இல் கட்டப்பட்டவை. வெட்டவெளியில் தேங்காய் நார்க்கயிற்றை இரட்டையாக முறுக்கிக் கட்டியிருப்பார்கள். கிளிப் எதுவும் கிடையாது, துணியின் ஓரத்தை முறுக்குக்குள் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது.

அங்கே துணி பிழிவதைக் கவனித்துப் பாருங்கள். ஈரப் போர்வையை முறுக்கும்போது ஒரு கை மல்லாந்து திரும்புகிறது, மற்றது கவிழ்ந்து திரும்புகிறது. மல்லாரும் கையில்தான் இருதலைத் தசைக்கு முழு வேலை. நான் முதல் முறை அங்கே போனபோது, ஒரு பக்கெட் துணியை வாங்கி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு பிழிய முயன்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் பார்த்துவிட்டு, "முழங்கையை இடுப்போட வச்சுப் பிழிங்க தம்பி, நீட்டிக்கிட்டுப் பிழிஞ்சா தண்ணி போகாது, கைதான் போகும்" என்றார். உடற்கூறு நூல் ஒரு பக்கத்தில் எழுதியிருப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்கும்போதுதான் இருதலைத் தசைக்கு மல்லாத்தும் வலு மிக அதிகம். கை நீண்டுவிட்டால் அந்த வலு குறைந்து, முன்கையில் இருக்கும் சின்னத் தசையின் தலையில் வேலை விழுகிறது. துணி பிழிகிறவர், ஸ்க்ரூ முடுக்குகிறவர், ஜாடி மூடி திறக்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

பெயரில் உள்ளபடி இதற்கு இரண்டு தலைகள், இரண்டும் தோள்பட்டை எலும்பில்தான் பிடிப்பு. குட்டைத் தலை, அந்த எலும்பின் முன்புறம் காக்கை அலகுபோல் துருத்திக்கொண்டிருக்கும் முனையிலிருந்து நேராக இறங்குகிறது. நெட்டைத் தலையின் வழி சிக்கலானது. தோள் மூட்டின் குழிக்கு மேல் விளிம்பில் தொடங்கி, மூட்டுக்கு உள்ளேயே மேற்கை எலும்பின் உருண்டையைச் சுற்றி வளைந்து, எலும்பின் முன்பக்கம் இருக்கும் ஒரு பள்ளத்தின் வழியே இறங்குகிறது. கிணற்றுக் கயிறு கப்பியின் பள்ளத்தில் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு நைவது எந்த இடத்தில் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தசைநாண் எங்கே நையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு தலைகளும் நடுப்புஜத்தில் ஒன்றாகச் சேர்ந்து சதைத் திரட்சியாகின்றன. பத்தில் ஒருவருக்கு மூன்றாவது தலையும் இருப்பதுண்டு, அது நோயன்று. கீழே அந்தத் திரட்சி ஒரே தசைநாணாகக் குவிந்து முழங்கையைத் தாண்டிப் போகிறது. மேற்கை எலும்பில் இந்தத் தசைக்கு வழக்கமாக ஒட்டே கிடையாது. மேற்கை முழுக்கப் படுத்திருக்கிறது, ஆனால் அந்த எலும்போடு அதற்கு ஒட்டுறவு இல்லை. தோளில் பிறந்து முன்கையில் முடிகிறது.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ஆரை எலும்பு. அல்னா கதவின் கீல்போல மடங்கி நீள மட்டுமே தெரிந்தது. ஆரை எலும்பு அல்னாவைச் சுற்றிப் புரளும். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஆரை எலும்பு அல்னாவுக்குக் குறுக்கே ஏறிப் படுக்கிறது, மல்லாத்தும்போது பக்கத்தில் வந்து நேராகிறது. இருதலைத் தசையின் நாண் ஆரை எலும்பின் மேற்பகுதியில், உள்பக்கமாக இருக்கும் ஒரு புடைப்பில் ஒட்டியிருக்கிறது. கையைக் கவிழ்த்தால் அந்தப் புடைப்பு பின்னால் திரும்பி, பம்பரத்தில் சாட்டை சுற்றியதுபோல நாண் எலும்பைச் சுற்றிக்கொள்கிறது. தசை சுருங்கினால் சாட்டை இழுபட்ட பம்பரமாக எலும்பு சுழன்று கை மல்லாருகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி உடல்களை அறுத்து வரைந்தபோது, இந்தத் தசை கையை மடக்குவதோடு உள்ளங்கையைத் திருப்பவும் செய்கிறது என்று கண்டிருக்கிறார்.

அப்படியானால் மடக்குவது யார்? இருதலைத் தசைக்கு அடியில் மறைந்திருக்கும் இன்னொரு தசை. மருத்துவர்கள் பிரேக்கியாலிஸ் என்பார்கள், இந்த அதிகாரத்தில் அடித்தசை என்று சொல்கிறேன். அது மேற்கை எலும்பின் கீழ்ப்பாதியில் தொடங்கி, புரளாத அல்னாவில் போய் ஒட்டுகிறது. உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்குக் கவலை இல்லை, எப்போதும் ஒரே இழுப்பு. கனடாவில் பணியாற்றிய ஜான் பஸ்மாஜியன் 1950-களில் தசைகளுக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று பதிவு செய்தார். அடித்தசை எல்லா மடக்கலிலும் உழைத்தது. உள்ளங்கை கவிழ்ந்திருந்தபோது இருதலைத் தசை பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. கட்டைவிரலை மேலே வைத்து மடக்கும்போது முன்கையின் வெளிப்பக்கத்தில் பட்டையாக எழும் மூன்றாவது தசையும் சேர்ந்துகொள்கிறது.

அடித்தசையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால், கையைக் கவிழ்த்து வைத்து ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்குங்கள். புஜத்தின் வெளிப்பக்கம், முழங்கைக்கு நான்கு விரல் மேலே, முன்சதைக்கும் பின்சதைக்கும் இடையில் விரலை வையுங்கள். இறுகி நிற்பது அதுதான்.

முழங்கை மடிப்பில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கையை மடக்கி மல்லாத்தினால் நடுவில் கயிறுபோல ஒரு நாண் தட்டுப்படும். அதன் உள்பக்கத்தை ஒட்டித் துடிப்பது கையின் பெரிய தமனி. இரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பை வைப்பது அங்கேதான். அதற்கும் உள்ளே ஒரு பெரிய நரம்பு. இருதலைத் தசையின் நாணிலிருந்து பிரிந்து உள்பக்கமாக விரியும் ஒரு படலம், தமனிக்கும் நரம்புக்கும் மேலே கூரைபோலப் பரவியிருக்கிறது. லேபில் இரத்தம் எடுக்க ஊசி குத்தும் சிரை அந்தக் கூரைக்கு மேலே ஓடுகிறது. ஊசிக்கும் தமனிக்கும் நடுவே நிற்கும் இந்தப் படலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

தசைக்கு ஆணை கொண்டுவரும் நரம்பு கழுத்தின் ஐந்தாம், ஆறாம் நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. மருத்துவர் முழங்கை மடிப்பில் சின்னச் சுத்தியலால் தட்டுவது அந்த வேர்களைச் சோதிக்கத்தான். தலைச்சுமை தூக்கிப் பழகியவருக்குப் புஜம் வலுவிழந்தால், கோளாறு கையில் இல்லாமல் கழுத்தில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்து கிலோ எப்படி நாற்பது கிலோ ஆகிறது

இது துலாக்கோல் கணக்கு. முழங்கை மூட்டிலிருந்து தசைநாண் ஒட்டியிருக்கும் இடம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். மூட்டிலிருந்து உள்ளங்கை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். கையைச் செங்கோணத்தில் மடக்கி 5 கிலோ அரிசிப் பையை உள்ளங்கையில் ஏந்தினால், அந்த எடை ஏழு மடங்காகித் தசைகளின்மேல் விழுகிறது. முன்கையின் சொந்த எடையையும் சேர்த்தால் தசைகள் ஏறத்தாழ 40 கிலோ இழுவிசை கொடுக்க வேண்டும்.

இப்போது 50 கிலோ மூட்டையை நினைத்துப்பாருங்கள். இரண்டு கையாலும் முன்னால் ஏந்தினால் ஒரு கைக்கு 25 கிலோ. மேற்சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு கையின் தசைகளும் ஏறத்தாழ 180 கிலோ இழுவிசை தர வேண்டும். அதே மூட்டையை உள்ளங்கையில் ஏந்தாமல் மார்போடு அணைத்து, முழங்கையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி முன்கையில் உட்காரவைத்தால் அது 80 கிலோவாக இறங்கிவிடுகிறது. மூட்டை மாறவில்லை, உட்கார்ந்த இடம்தான் மாறியது. கையை நேராகத் தொங்கவிட்டுப் பையைப் பிடித்து நடந்தாலோ இருதலைத் தசைக்கு ஏறக்குறைய ஓய்வு. பாரத்தை எலும்பும் மூட்டு நாண்களும் விரல்பிடியும் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே தூரம் போக வேண்டுமானால் தொங்கவிடுங்கள், தூக்கி வைக்க வேண்டுமானால் அணையுங்கள், உள்ளங்கையில் ஏந்தி நிற்பதைக் கூடியவரை தவிருங்கள்.

இந்த ஊரில் சுமை என்பது வெறும் கணக்காக இருந்ததில்லை. கொச்சித் துறைமுகத்தில் அன்றாட வேலைக்காகக் கூடும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். அடித்துப்பிடித்து வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை. சாப்பா என்று இதற்குப் பெயர். இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி என்ற மூவரின் உயிரை அந்தப் போராட்டம் வாங்கியது. 2023-இல் வந்த ராஜீவ் ரவியின் 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்த வரலாற்றைச் சொல்கிறது. புஜ வலுவைப் பற்றி எழுதும்போது அந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. வலுவுள்ள கைக்குத்தான் வில்லை, வில்லை கிடைத்தால்தான் சோறு என்றால், வலிக்கிறது என்று யார் வாய் திறப்பார்கள்?

பின்னால் நிலைமை மாறியது. 'கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், 1978' வந்தது. ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைத்து 2021-இல் அதைத் திருத்தினார்கள், பெண்களுக்கு 35 கிலோ. 55 என்பதே என் கணக்கில் அதிகம்தான். ஆனாலும் சட்டம் சொல்லும் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்வது தூக்குகிறவரின் கடமை. மூட்டைமேல் அச்சடித்திருக்கும் எடையைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

அறுவது எங்கே

தூக்கும்போது அறுவதைவிட இறக்கும்போதும் பிடிக்கும்போதும்தான் அதிகம் அறுகிறது. கையை மெல்ல நீட்டி மூட்டையை இறக்கும்போது பின்புஜத் தசை தள்ளுகிறது என்று நினைப்போம். உண்மையில் இருதலைத் தசையும் அடித்தசையும்தான் நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கின்றன. சுருங்க முயலும் தசையைப் பாரம் வலுவில் இழுத்து நீட்டுவதைவிடக் கடுமையான சோதனை ஒரு தசைநாணுக்கு இல்லை. லாரியிலிருந்து சரிகிற மூட்டையை மல்லாந்த கையால் சட்டென்று தாங்குவது அந்தச் சோதனையின் உச்சம். இந்த அதிகாரத்தில் ஒரே ஒரு கட்டளை போடச் சொன்னால் இதைத்தான் போடுவேன்: சரிகிற பாரத்தைப் பிடிக்காதீர்கள், விலகி நின்று விழவிடுங்கள். மிளகு சிந்தினால் அள்ளிக்கொள்ளலாம்.

மேல்நாண் அறுவது ஒரு விதம், கீழ்நாண் அறுவது வேறு விதம். கப்பிப் பள்ளத்தில் ஓடும் நெட்டைத் தலையின் நாண் ஆண்டுக்கணக்கில் நைந்து, பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒருநாள் படக்கென்று அறும். துணியைத் தலைக்குமேல் ஓங்கிக் கல்லில் அடிப்பவர்களுக்கும், உயர அடுக்குகளில் சரக்கு ஏற்றுபவர்களுக்கும் தோளின் முன்பக்கம் விரல் வைத்தால் சுள்ளென்று வலிப்பது அதற்கு முன்னறிவிப்பு. அறுந்தபின் சதை கீழே சரிந்து, பாப்பாய் கார்ட்டூனில் வருவதுபோல முழங்கைக்கு மேலே உருண்டையாக நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் குட்டைத் தலை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. சில வாரங்களில் வலி அடங்கி வேலைக்குத் திரும்புகிறார்கள்.

கீழ்நாண் அப்படியில்லை. அது முப்பதிலிருந்து ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களுக்கு, மேற்சொன்னதுபோல ஒரே இழுப்பில் எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். முழங்கை மடிப்பில் டப்பென்ற உணர்வு, பிறகு முன்கையின் உள்பக்கம் கருநீலக் கன்றல், சதை தோள்பக்கம் ஏறிக்கொள்வது ஆகியவை அடையாளம். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் இயல்பாகவே குறைவு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அறும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளும் தசைநாண்களைத் தளர்த்தக்கூடும். அதைச் சாப்பிடும் நாட்களில் பெரிய பாரம் வேண்டாம்.

பயிற்சியும் இந்த அறிவிலிருந்துதான் வருகிறது. நாள் முழுக்க மூட்டை தூக்குபவருக்கு மாலையில் டம்பெல் தேவையில்லை, ஓய்வுதான் தேவை. உட்கார்ந்த வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று கிலோவில் தொடங்கலாம். உள்ளங்கை மேலே பார்க்க மடக்குங்கள், இறக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறக்குங்கள். எட்டுப் பத்து முறை, சற்று இளைப்பாறி மறுபடியும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. அதோடு கட்டைவிரல் மேலே இருக்கும்படியும் ஒரு சுற்று மடக்கினால் மற்ற இரண்டு தசைகளுக்கும் பங்கு கிடைக்கும். ஜிம்மில் பெரும்பாலோர் மறக்கும் பயிற்சி மல்லாத்தல். ஒரு சுத்தியலின் காம்பை நுனியில் பிடித்து, முழங்கையை இடுப்போடு வைத்து, சுத்தியல் தலையை மெல்லக் கவிழ்த்து மெல்ல மல்லாத்துங்கள். அரைக்கிலோ சுத்தியலே போதும், பத்தாவது முறையில் தெரியும்.

தோபிகானாவில் தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி ஆறேழு கிலோ இருக்கும். அதைத் தேய்க்கும்போது உள்ளங்கை உள்பக்கம் பார்த்திருக்கிறது, தூக்கி ஓரமாக வைக்கும்போதும் அப்படியே இருக்கட்டும். கையைச் சுழற்றிக்கொண்டு தூக்கினால் மடக்கும் பாரமும் மல்லாத்தும் பாரமும் ஒரே நாணின்மேல் விழும். மேசை முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் தோளுக்கும் நல்லது.

மருத்துவரிடம் என்ன சொல்வது

கீழ்நாண் அறுந்த பலர் கையை மடக்க முடிகிறதே என்று வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். என் உறவினர் ஒருவருக்கும் இதுதான் நடந்தது. அவர் போன இடத்தில் மடக்கச் சொன்னார்கள், மடக்கினார், சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மடக்கியது அடித்தசை. அல்னாவில் ஒட்டிய அதற்கு எந்தச் சேதமும் இல்லை. ஆறு வாரம் கழித்து ஸ்க்ரூ டிரைவரைத் திருக முடியாதபோதுதான் மறுபடி போனார். அதற்குள் நாண் மேலே சுருங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்குள் தைத்தால் எளிது, நாள் கடந்தால் வேலை சிக்கலாகும். தைக்காமல் விட்டால் மடக்கும் வலுவைவிட மல்லாத்தும் வலுவே அதிகம் குறையும்.

ஆகவே சந்தேகம் வந்த அன்றே இதைச் செய்துபாருங்கள். அடிபட்ட கையை மடக்கி, உள்ளங்கையை உங்கள் முகத்தைப் பார்க்குமாறு மல்லாத்தி நிறுத்துங்கள். மற்றக் கையின் ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல வளைத்து, முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து நாணுக்கு அடியில் செருகிப் பாருங்கள். நல்ல கையில் விரல் ஒரு கயிற்றில் மாட்டியதுபோல மாட்டும். அந்தக் கயிறு இந்தக் கையில் அகப்படவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போய், கை வலிக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். "எப்போது, எதைத் தாங்கும்போது டப்பென்றது, மடக்க வருகிறது, மல்லாத்த வலு இல்லை" என்று சொல்லுங்கள்.